காக் யா பிடுங்கிய பிளக்

போன வாரத்துக்கு முந்தின வாரம், வியாழக்கிழமை. வீட்டுக்காரரோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வீட்டுக் கதவைத் திறந்தால்... ஒரு சத்தம் இல்லை.

சமையலறையில் ஃபிரிட்ஜ் முனகவில்லை. ஹாலில் ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் ஓடவில்லை. வாசல் பக்கம் எப்போதும் கண் சிமிட்டும் இன்டர்நெட் பெட்டிகூட அணைந்து கிடந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் — ஒவ்வொரு ஒயரையும் அழகாகச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறது. சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு குவே பலகாரம், ஈ மொய்க்காமல் மூடி போட்டு.

விஷயம் புரிந்துவிட்டது. மதியம் இடி இடித்திருக்கிறது. காக் யா வந்து போயிருக்கிறார்.

காக் யா எங்கள் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா. காலையில் முச்சந்தியில் நாசி லெமாக் சோறு விற்பார், மதியம் வீட்டில் இருப்பார். எங்கள் வீட்டுச் சாவி அவரிடம், அவர் வீட்டுச் சாவி எங்களிடம். எங்கள் தாமான் குடியிருப்பில் பாதி வீடுகள் அப்படித்தான். ஆள் இல்லாத நேரத்தில் இடி இடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே போய் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். யாரும் எழுதி வைக்காத சட்டம். எங்கள் ஊர் குளுவாங்கில் மத்தியான மழையைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அதிலும் காக் யாவுக்கு இடி என்றால் கொஞ்சம் அதிகப்படி. ஒரு ஹரி ராயா பெருநாள் சமயம் இறங்கிய இடியில் அவர் வீட்டு டிவி போச்சு, ஃபிரிட்ஜ் போச்சு, ஃபிரிட்ஜுக்குள் இருந்த ரெண்டாங் கறி மொத்தமும் போச்சு. டிவிக்குக்கூட அவர் அழவில்லை. ரெண்டாங்குக்கு அழுதார். அன்றிலிருந்து வானம் லேசாகத் தொண்டையைச் செருமினாலே போதும் — சாவியை எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிடுவார்.

சரி, நல்ல மனுஷி. நல்ல காரியம். அப்புறம் என்ன பிரச்சினை என்கிறீர்களா?

பிரச்சினை அந்தக் கம்ப்யூட்டர்.

என் வீட்டுக்காரர் செல்வத்தைப் பற்றி இந்தப் பத்தித் தொடரில் அவ்வப்போது சொல்லியிருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்காகச் சுருக்கமாக — சிங்கப்பூரில் ஓர் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்தவர். கட்டைவிரல் நகம் அளவு போர்டில் மயிரிழை மாதிரி ஒயரைச் சூடு வைத்து ஒட்டுகிற கை. அந்தக் கைக்கு நடுக்கம் வந்தது. பார்க்கின்சன் என்றார்கள். முதலில் பேக்கிங் பக்கம் மாற்றினார்கள். பிறகு ஒருநாள், மரியாதையாகத்தான், கூப்பிட்டுச் சொன்னார்கள்: "உங்க வேலைய வேற ஆளுக்குக் குடுத்துட்டோம். நீங்க ரெஸ்ட் எடுங்க."

ரெஸ்ட்! அதை எடுத்துக்கொண்டு மனுஷன் என்ன செய்வார், சொல்லுங்கள்?

எங்கள் மகள் கவிதா சிங்கப்பூரில் இருக்கிறாள். ஒரு லீவுக்கு வந்தபோது, அவள் படிக்கும் காலத்தில் வாங்கிய பழைய கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு புரோகிராமைப் போட்டுவிட்டுப் போனாள். "சும்மாதானேப்பா கெடக்கு. சயின்டிஸ்டுங்களுக்குக் குடுங்க" என்றாள்.

கம்ப்யூட்டரைத் தூக்கிக் கொடுப்பது இல்லை. அது நம் வீட்டிலேயே இருக்கும். அதன் மூளையை மட்டும் இரவல் கொடுப்பது. ஆராய்ச்சிக்காரர்களிடம் மலை மாதிரி கணக்கு இருக்கிறதாம். நம் உடம்புக்குள் இருக்கும் புரதங்கள் எப்படி மடிகின்றன, எங்கே தப்பாக மடிகின்றன என்று. இவருக்கு வந்த மாதிரி நோய்களுக்கும் அந்தத் தப்பான மடிப்புக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்கிறார்கள். அத்தனை கணக்கையும் ஒரே இடத்தில் போட முடியாது. அதனால் துண்டு துண்டாக வெட்டி, உலகம் முழுக்கச் சும்மா கிடக்கும் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு ஆளுக்கொரு பொட்டலமாக அனுப்புகிறார்கள். நம் கம்ப்யூட்டர் அதைப் போட்டு முடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பினால் அடுத்த பொட்டலம் வரும்.

கோயில் அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்கிற மாதிரிதான். மூட்டையைப் பிரித்து ஆளுக்கொரு சட்டியில் போட்டுக் கொடுப்பார்களே... அவரவர் சட்டியை அவரவர் முடித்துக் கொடுக்க வேண்டும்.

ஆனால் அன்னதானத்துக்கு நேரம் உண்டு இல்லையா? இதற்கும் உண்டு. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு கெடு. கெடுவுக்குள் வரவில்லை என்றால் அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். அதே பொட்டலத்தை வேறு ஊரில் இருக்கும் வேறு கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடுவார்கள்.

எங்கள் கம்ப்யூட்டரோ கிழம். ஒரு பொட்டலத்துக்கு நாள் கணக்காக மூச்சு வாங்கும். கெடுவுக்குக் கொஞ்சம் முன்னால் தட்டுத் தடுமாறி வந்து சேரும். நடுவில் அரை நாள் நின்றால் முடிந்தது கதை.

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வாருங்கள்.

நான் ஓடிப்போய் எல்லா பிளக்கையும் திரும்பச் செருகினேன். கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. இவர் ஈரச் சட்டையோடு அதன் முன்னால் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னங்க, விட்ட எடத்துலேருந்து ஓடும்னு கவிதா சொன்னால்ல?" என்றேன்.

"ஓடுது. ஆனா டைம் முடிஞ்சிருச்சு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க."

அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்டதும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

உண்மையைச் சொன்னால், அதற்கு முந்தின நிமிஷம் வரை என் மனசில் இருந்தது வேறு. 'போனால் போகட்டும்' என்றுதான் நினைத்தேன். விடியும் முன் கிளம்பி ஜேபி ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டி, பார்க்கிங் தேடி, நம்பர் எடுத்து, நம்பருக்குக் காத்திருந்து, டாக்டரிடம் நாலு வார்த்தை பேசி, மருந்துக்கு இன்னொரு நம்பர் எடுத்து, மழையில் திரும்பக் கார் ஓட்டி வந்திருக்கிறேன். எனக்கு அலுத்துப் போய்விட்டது. மறைப்பானேன்? மாத்திரை நேரம் பார்த்து அலுத்துவிட்டது. சட்டைப் பொத்தான் போட்டுவிட்டு அலுத்துவிட்டது. 'எங்க மச்சானுக்கு ஒரு இலைச் சாறு குடுத்தோம்' என்று வாட்ஸ்அப்பில் வருகிற வைத்தியங்களுக்கு நன்றி சொல்லி அலுத்துவிட்டது. இதற்கு நடுவில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வெங்காயம் உரிக்கவில்லை என்று நானும் சேர்ந்து அழ வேண்டுமா?

ஆனால் அந்த ஒரு சொல்... அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

"இந்த மழைக்காலம் ஆரம்பிச்சதுலேருந்து ஒண்ணுகூட முடிக்கல" என்றார். "ஒவ்வொரு தடவ ஆஸ்பத்திரிக்குப் போறப்பவும் இப்பிடித்தான் ஆவுது."

"அப்ப காக் யாகிட்ட சொல்லிடலாமே. கவிதா இடி தாங்குற பிளக் போர்டு வாங்கிக் குடுத்திருக்கா. கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு."

"வேணாம் வேணாம். பாவம், மழையில நனைஞ்சுக்கிட்டு வந்து செய்யிறாங்க. மனசு கஷ்டப்படும்."

"இந்தக் கணக்க முடிச்சு, மருந்து கண்டுபிடிச்சு, அது நமக்கு வர்றதுக்குள்ள..." என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"எனக்கு வராதுன்னு தெரியும், மல்லிகா" என்றார், சாதாரணமாக. "எனக்காகவா செய்யிறேன்? வேலைன்னு ஒண்ண வாங்கிட்டா முடிச்சுக் குடுக்கணும்ல?"

இவ்வளவுதான் அவர் கேட்பது. ஒரு வேலை. கெடுவுக்குள் முடிய வேண்டும். வேற ஆளுக்குப் போகக் கூடாது.

மறுநாள், இவர் தூங்கிய நேரம் பார்த்து, குவே தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு காக் யா வீட்டுக்குப் போனேன். வெறும் தட்டாகக் கொடுக்கக் கூடாதே... கொஞ்சம் முறுக்கு வைத்து.

புரத மடிப்பை மலாயில் விளக்கியிருக்கிறீர்களா? நான் விளக்கினேன். எனக்கே தமிழில் புரியாத விஷயம் அது.

"கம்ப்யூட்டர் வேலை செய்யுதா? யாருக்கு?" என்றார் காக் யா.

"வெளிநாட்டுல இருக்கிற விஞ்ஞானிகளுக்கு, காக்."

"சம்பளம்?"

"கெடையாது."

அலமாக்! என்று அவர் முகமே சொன்னது. இந்தியக் குடும்பத்தை எவனோ ஏமாற்றிக்கொண்டிருக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டார். "போலீஸ்ல சொன்னியா மல்லி?"

அப்போதுதான் எனக்கு அந்த வெங்காயம் நினைவுக்கு வந்தது. ஜொகூர் மலாய்க்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ரேவாங் என்பார்கள். கல்யாண வீடு என்றால் முந்தின நாளே அக்கம்பக்கமெல்லாம் கத்தியும் பலகையுமாகப் போய் உட்கார்ந்துவிடும். வெங்காயம் உரிக்கிறவர் உரிப்பார், தேங்காய் துருவுகிறவர் துருவுவார். கூலி கிடையாது, கூப்பிடவும் வேண்டாம்.

"காக், இது ரேவாங் மாதிரி. செல்வம் வீட்டுலேருந்தே ரேவாங்குக்குப் போறாரு. கம்ப்யூட்டர்தான் அவரோட கத்தி. இவரு மாதிரி நோய் உள்ளவங்களுக்கு மருந்து தேடுற வீட்டுல."

 காக் யா எடுத்த முறுக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"அப்ப..." என்றார், குரல் இறங்கி, "ரேவாங்குல உக்காந்து வேலை செஞ்சுக்கிட்டிருந்த மனுஷனப் பாதியில எழுப்பி வீட்டுக்கு அனுப்பிட்டேனா நான்?"

நான் பயந்தது இதற்குத்தான். அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "அடுத்த சட்டி எப்ப முடியணும்?"

அடுத்த சட்டி இந்தச் செவ்வாய்க்கிழமை முடிய வேண்டியது. அந்தி சாயும் நேரம் கெடு. அன்றைக்கென்று பார்த்து ஜேபியில் பிஸியோதெரபி. நம் நேரம் எப்போதும் அப்படித்தானே?

பிஸியோ முடித்து ஹைவேயில் ஏறும்போதே வடக்கே வானம் கறுத்துக் கிடந்தது.  இவர் மடியில் ஒரு கையை மறு கையால் அழுத்திப் பிடித்தபடி கண்ணாடி வழியாக மேகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். ஆயர் ஹீத்தாமை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. துடைப்பான் தலைதெறிக்க ஆடியும் முன்னால் போகிற லாரி தெரியவில்லை.

போன் அடித்தது. காக் யா. ஸ்பீக்கரில் போட்டேன். அந்தப் பக்கம் இடிச் சத்தம் எங்களுக்கே கேட்டது.

"மல்லி! நான் உங்க வீட்டுலதான் இருக்கேன். எல்லா பிளக்கையும் புடுங்கிட்டேன், கம்ப்யூட்டரத் தொடல! பக்கத்துலயே சேர் போட்டு உக்காந்திருக்கேன். தொண்ணூத்தெட்டுன்னு காட்டுது!"

இடிக்குப் பயந்து டிவி ரிமோட்டைக்கூடத் தொடாத மனுஷி. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். 

அதற்குப் பிறகு கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி போன் வந்துகொண்டே இருந்தது. குளுவாங்குக்குள் நுழையும்போது, "நூறு! நூறு ஆயிருச்சு லா!" என்று கத்தினார். இவர் பக்கம் திரும்பிப் பார்த்தேன். இந்த நோய் கையை மட்டும் ஆட்டுவதில்லை, முகத்தையும் பூட்டிவிடும். சிரிப்பு உள்ளே கிளம்பி முகத்துக்கு வந்து சேர நேரமாகும். அன்று பாதி வழி வரை வந்திருந்தது.

வழியில் வாங்கிய மீ கோரிங் நூடுல்ஸ் பொட்டலங்களோடு வீட்டுக்குள் நுழைந்தோம். காக் யா எழுந்து நின்று, பரிசு கொடுக்கிற மாதிரி கம்ப்யூட்டரைக் காட்டினார். இவர் குனிந்து பார்த்தார். பாதி வழியில் இருந்த சிரிப்பு அப்படியே திரும்பிப் போய்விட்டது.

"முடிஞ்சிருக்கு. ஆனா போகல."

"போகலன்னா?"

"இன்டர்நெட் இல்ல."

மூவரும் ஒரே நேரத்தில் வாசல் பக்கம் திரும்பினோம். இன்டர்நெட் பெட்டி அணைந்து கிடந்தது. அதன் ஒயர் அழகாகச் சுருட்டி... ரப்பர் பேண்ட் போட்டு.

காக் யா வாயைப் பொத்திக்கொண்டார். "கம்ப்யூட்டரத் தொடாதேன்னுதானே சொன்ன மல்லி..."

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். வெங்காயம் உரிக்கச் சொன்ன நான், உரித்ததைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வாசலைப் பூட்டாதீர்கள் என்று சொல்லவில்லை.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. நான் பாய்ந்தேன். காக் யாவும் பாய்ந்தார்.

"விடு" என்றார் இவர்.

இப்போதெல்லாம் இவர் குரல் ரொம்பச் சன்னம். ஆனால் அந்த 'விடு' தெளிவாக இருந்தது. செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால், தரையோடு தரையாக இருக்கிறது அந்த பிளக் துளை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டி போட்டார். ரப்பர் பேண்டை உருவினார். மூன்று கால் பிளக்கை எடுத்துத் துளைக்கு நேராகக் கொண்டுபோனார்.

கை ஆடியது. பிளக் சுவரில் தட்டியது. இன்னொரு தடவை. டக், டக், டக்... துளைக்குப் பக்கத்திலேயே, ஆனால் துளையில் இல்லை. களைப்பாக இருந்தால், அவசரமாக இருந்தால், யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் நடுக்கம் கூடும். அன்று மூன்றும் இருந்தது.

எனக்கு அது ஒரு நொடி வேலை. என் கை தானாக நீண்டது. இத்தனை நாளாக நீண்டு நீண்டு அதற்கு அதுவே பழக்கம். பொத்தானா, நீட்டு. கரண்டியா, நீட்டு. நாம் உதவி செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டே ஒரு மனுஷனிடமிருந்து எத்தனை வேலைகளை வாங்கிவிடுகிறோம் பார்த்தீர்களா? அவர் வேலையை வேற ஆளுக்குக் கொடுத்தது தொழிற்சாலை மட்டுமா?

நீட்டின கையைக் கட்டிக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஜேபிக்குப் போய்வரக் கார் ஓட்டுவது இதைவிடச் சுலபம். காக் யா முகத்தை முக்காட்டுத் துணியால் மூடிக்கொண்டு ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

இவர் இடது கையைத் தரையில் ஊன்றினார். வலது மணிக்கட்டைச் சுவரோடு சாய்த்து அழுத்தினார். போர்டில் ஒயர் ஒட்டும்போது அப்படித்தான் கையைச் சாய்த்துக்கொள்வார் என்று பின்னால் சொன்னார். டக், டக்...

உள்ளே போய்விட்டது.

சுவிட்சைத் தட்டினார். பெட்டியில் ஒரு விளக்கு வந்தது. அப்புறம் இன்னொன்று. அந்தப் பெட்டிக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது. நாங்கள் மூவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். எல்லா விளக்கும் வந்ததும் இவர் கம்ப்யூட்டருக்குப் போய், கவிதா காட்டிக் கொடுத்த பட்டனை அமுக்கினார். திரையில் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து நிறைந்தது. பிறகு அந்த வரியே காணாமல் போனது. கீழே புது வரி ஒன்று வந்தது. அடுத்த பொட்டலம்.

"போயிருச்சு" என்றார்.

அவ்வளவுதான். கை தட்டல் இல்லை, நன்றிக் கடிதம் இல்லை. எங்கோ ஓர் ஊரில் ஓர் இயந்திரம் அதை வாங்கி மூட்டையில் போட்டுக்கொண்டிருக்கும். காக் யாதான் 'அல்ஹம்துலில்லாஹ்' என்று சொல்லி, இவருக்குப் பதிலாகவும் சேர்த்து ஒரு பாட்டம் அழுதுவிட்டு, தொழுகைக்கு நேரமாகிறது என்று வீட்டுக்கு ஓடினார். நாங்கள் ஆறிப்போன மீ கோரிங்கைச் சாப்பிட்டோம். இவர் தானாகவே கரண்டி பிடித்தார். பாதி மேசையில் கொட்டியது. நான் துடைக்கவில்லை. அவரே துடைக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போய்ப் படுத்தேன்.

மறுநாள் காலை சமையலறைக்குப் போனால்... ஒரு வாடை.

காக் யா பிடுங்கியது இன்டர்நெட் பெட்டியை மட்டுமா? 'எல்லா பிளக்கையும்' என்றுதானே போனில் சொன்னார்! ஃபிரிட்ஜைத் திறந்தேன். வாரம் முழுக்கச் சமைக்கவென்று சுத்தம் செய்து அடுக்கி வைத்த தெங்கிரி மீன் மொத்தமும் தண்ணீர் விட்டுக் கிடந்தது. எனக்கு இருந்த களைப்புக்கு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இவர் மெல்ல வந்து எட்டிப் பார்த்தார். மீனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"டைம் முடிஞ்சிருச்சு" என்றார். "வேற ஆளுக்குக் குடுத்துடு."

ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை. நிமிர்ந்து பார்த்தால், கொஞ்சம் கொஞ்சமாக, மெதுவாக, அந்தச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை முகம் வரைக்கும் வந்து சேர்ந்தது.

அந்த வேற ஆள் காக் யா வீட்டுப் பூனை. கெடுவுக்கு ரொம்ப முன்னாலேயே முடித்துவிட்டது.